பரோயியில் 'யோல்': வாழ்த்தும் வேரும்

பரோயே தீவுகளில் கிறிஸ்துமஸுக்குப் பெயர் 'யோல்'. கிறிஸ்து என்ற சொல்லே அதில் இல்லை! ஆங்கிலத்தின் 'யூல்' (Yule), டேனிஷின் 'யூல்' (jul), இரண்டும் இதன் உறவுக்காரர்கள்.

வாழ்த்து எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டேனிஷில் இச்சொல் ஒருமை. பரோயே தீவுகளின் மொழியான பரோயியிலோ எப்போதும் பன்மை, நபும்சக பாலினம். அதனால் வாழ்த்தில் 'மகிழ்ச்சியான' என்னும் அடைமொழி 'க்லெதிலிக்' (gleðilig) என்றே நிற்கும். ஒருமைக்குரிய 't' விகுதியை ஒட்டினால் பிழை. எழுத்தில் இருக்கும் 'ð' வாயில் வராது, கடைசி 'g'யும் விழுந்துவிடும்: ஏறக்குறைய 'க்ளேயிலி யோவுல்'.

'சக்கரம்' என்பதற்கான 'ஹ்யோல்'தான் 'யோல்' சொல்லின் மூலம், சூரியச் சக்கரம் என்றெல்லாம் சொல்வார்கள். கேட்க அழகு, ஆனால் தவறு. சக்கரத்தின் வேர்ச்சொல் 'ஹ'வில் தொடங்குவது. பழைய ஜெர்மானிய மொழியான காத்தியத்தின் நாட்காட்டியில் நவம்பருக்கு வரும் 'யியுலீஸ்' யோலின் உறவுச் சொல்; அதில் அந்த 'ஹ' இல்லை.

725இல் ஆங்கிலத் துறவி பீட் எழுதிய நூலில் டிசம்பர், ஜனவரி இரண்டுக்குமே 'கியூலி' என்று பெயர். ஆக முதலில் இது ஒரு நாளல்ல, ஒரு பருவம். நார்வே அரசர் ஹாக்கோன் 10ஆம் நூற்றாண்டில் யோலைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு நகர்த்தினார் என்கிறது நார்வே அரசர்களின் கதை சொல்லும் பழைய நூலான ஹெய்ம்ஸ்கிரிங்லா. விழா மாறியது, பெயர் அப்படியே தங்கிவிட்டது.