மெய்னில் கரடிக்குத் தீனி வைக்கப் போய் நான் பட்ட பாடு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கருங்கரடி வேட்டை ஆகஸ்ட் கடைசித் திங்களன்று தொடங்கும். கரடியை ஓர் இடத்துக்கு வரவழைக்க, அதற்கு 30 நாள் முன்பிருந்தே தீனி வைக்கலாம். லைசென்ஸ், கரடி பெர்மிட் எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிட்டன. என்னை அலைக்கழித்தது இடம்தான்.

நான் பார்த்து வைத்திருந்த காடு ஒரு மரக் கம்பெனிக்குச் சொந்தம். அனுமதி கேட்டு இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். எந்த இடம் என்று குறித்த வரைபடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனில் கேட்டபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மறுபடி போய்த்தான் வாங்கினேன்.

55 கேலன் பீப்பாயை மரத்தோடு சங்கிலியால் கட்டி, பழைய டோனட்டும் பாப்கார்னும் நிரப்பினேன். சுற்றிலும் பொரித்த எண்ணெயை ஊற்றினேன். அதை மிதித்த கரடி போகிற வழியெல்லாம் வாசனை ஒட்டிக்கொள்ளும், அடுத்தது அந்தத் தடம் பிடித்து வரும். மூன்றாம் நாள் போனபோது மரங்களுக்குப் பின்னால் புகை தெரிந்தது. கோடைக்கு ஆள் வந்து தங்கும் கேபின்! ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் 380 கெஜம். ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 500 கெஜத்துக்குள் தீனி வைக்க அந்த வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். குழந்தைகள் விளையாடுகிற இடம் என்று அவர் மறுத்தார். நியாயம்தான். எண்ணெய் ஊறிய மண்ணைக்கூடச் சாக்கில் அள்ளிக்கொண்டு வெளியேறினேன். சாட்டிலைட் படத்தை நம்பாதீர்கள், மரங்கள் கூரையை மறைத்துவிடும். சுற்றிலும் நடந்து பாருங்கள்.

புது இடத்தில் எல்லாவற்றையும் அளந்து வைத்தேன். வண்டி போகும் பாதையிலிருந்து 50 கெஜமாவது தள்ளியிருக்க வேண்டும். பெயரும் முகவரியும் எழுதிய 2க்கு 4 அங்குல அட்டையும் கட்டாயம். முதலில் மார்க்கரில் எழுதியது ஒரே மழையில் அழிந்தது. அப்புறம் அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிக் கட்டினேன்.

தெரிந்தவர் ஒருவர் மூட்டை மூட்டையாகச் சாக்லேட் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். 2014இல் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் சாக்லேட் தீனியைத் தின்று நான்கு கரடிகள் செத்தன. அவற்றில் இரண்டு குட்டிகள்.

ஆறு இரவு கேமராவில் ஒன்றுமில்லை. ஏழாம் இரவு பீப்பாய் பக்கத்தில் ஒரு பெரிய கரடி, நாலு காலில் நிற்கும்போதே முதுகு பீப்பாயின் விளிம்பைத் தொட்டது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. மறுநாளே பரண் கட்டப் போனேன்.