தேம்ஸ் கரையில் ஒரு மாவு ஆலை

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் மேப்பிள்டரம் என்றொரு சிற்றூர். தேம்ஸ் கரையில் தானியம் அரைத்த தண்ணீர் ஆலைகளில் கடைசியாக மிஞ்சியது அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்து முழுக்க நிலம், சொத்துக் கணக்கெடுத்து எழுதிய 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே அந்த ஊர் ஆலை வந்துவிட்டது. இப்போது நிற்கும் கட்டடத்தின் நடுப்பகுதி 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1777-இல் லண்டன் சந்தையை நம்பிப் பக்கத்தில் ஒரு களஞ்சியம் கட்டினார்கள்.

எனக்கு இந்த மாதிரி ஆலைகளின் அடுக்குமுறை மேல் அப்படியொரு பிரியம். மூட்டையை மேல்தளத்துக்கு இழுப்பதும் தண்ணீர்ச் சக்கரம்தான். அப்புறம் எல்லாம் தானாக இறங்கும்: மேலே தானியம், நடுவில் கல், கீழே மாவு. அடிக்கல் அசையாது, மேல்கல் மட்டும் சுழலும். நம் பாட்டி வீட்டுத் திரிகையேதான், கைப்பிடிக்குப் பதிலாக ஆறு!

நின்றுபோயிருந்த சக்கரத்தை 1980 வாக்கில் செப்பனிட்டு மறுபடி சுற்றவைத்தவர்களுக்குக் கோடிப் புண்ணியம்.