ஐந்து கட்டங்களும் ஒரு பெட்டிக்கடையும்

சிகரெட்டை விட்டு இந்த மாதத்தோடு மூன்று வருடம். வீட்டில் இதைச் சொன்னபோது தம்பி கேட்டான்: “நீயா விட்ட, அண்ணா? உன் மூளையில இருக்கிற அணுக்கள் எப்படிப் போகணுமோ அப்படிப் போச்சு.” இயற்பியல் படித்தவன், கிண்டலாகவும் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது.

விதிப்படி மட்டுமே நடக்கும் ஒன்றில் விருப்பம் என்று ஏதாவது இருக்க முடியுமா என்று பார்க்க, மகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டோடு உட்கார்ந்தேன். கணித மேதை ஜான் கான்வே உருவாக்கிய ‘கேம் ஆஃப் லைஃப்’ என்ற கட்ட விளையாட்டு 1970-இல் வெளியுலகுக்கு வந்தது. ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும், இல்லையென்றால் காலியாக இருக்கும். அதைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். உயிருள்ள கட்டத்தின் அக்கம்பக்கத்தில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே உயிர் பிறக்கும். சட்டம் இவ்வளவுதான். எல்லாக் கட்டங்களுக்கும் இதை ஒருசேர ஒருமுறை பொருத்தினால் ஒரு தலைமுறை. தாயக்கட்டை உருட்டும் வேலையே இல்லை.

அதில் ஆர்-பென்டோமினோ என்று ஐந்து கட்ட வடிவம் ஒன்று. பார்த்தால் நாலு அடியில் அடங்கிவிடும் போலிருக்கும். ஆனால் 1103 தலைமுறை கொந்தளித்த பிறகுதான் அடங்குகிறது. அப்போது 116 கட்டங்கள் உயிரோடு இருக்கும். நான் பென்சிலால் இருபது தலைமுறை வரைந்தேன், அதற்கே ஒரு மணி நேரம். கான்வேயின் குழுவினர் இதைக் கையாலேயே தொடர்ந்துகொண்டிருந்தபோது, ஐந்து கட்டத் துண்டு ஒன்று கோணலாக நடந்துபோவதை ரிச்சர்ட் கை (Guy) என்ற கணிதவியலாளர் பார்த்தார். கிளைடர் என்று பெயர் வைத்தார்கள். சட்டத்தில் ‘நகர்’ என்று ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் நடக்கும் ஒன்று வந்துவிட்டது!

சரி, விருப்பம் என்று சொல்ல இது போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். கிளைடருக்கு எங்கும் போக ஆசை இல்லை. சிக்கல் பெருகினால் முன்கூட்டிச் சொல்வது கடினமாகும், அதுவே விருப்பம் ஆகிவிடாது. மழைமேகமும் சிக்கலானதுதான்.

பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் அந்தப் பெட்டிக்கடை. கடையைக் கண்டால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். மன உறுதியை நம்பி நான்கு முறை தோற்றேன். ஐந்தாவது முறை வழியையே மாற்றினேன்: பின்தெரு, குளக்கரை, ஆறு நிமிடம் கூடுதல் நடை. நான் என்ன செய்வேன் என்று எனக்குள்ளேயே ஒரு கணிப்பு ஓடியது. அந்தக் கணிப்பை வைத்தே அதைப் பொய்யாக்கினேன். கிளைடரால் முடியாதது இதுதான்.

அதுவும் விதிப்படிதானே என்பான் தம்பி. இருக்கட்டும். அந்த விதி என் யோசனை வழியாகத்தான் பின்தெருவுக்குப் போயாக வேண்டியிருந்தது. நான் யோசிக்காமல் இருந்திருந்தால் கடை வாசலில்தான் நின்றிருப்பேன்.

கான்வேயே பிற்காலத்தில் வேறு பக்கம் போனார். ஆய்வாளருக்கு விருப்பச் சுதந்திரம் உண்டென்றால் துகள்களுக்கும் உண்டு என்று 2006-இல் சைமன் கோச்சன் என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து ஒரு தேற்றம் வெளியிட்டார். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். துகள் தன்பாட்டுக்குத் துள்ளினால் அதில் என் பங்கு என்ன?

போன வாரம் மழை. பின்தெருவில் முழங்கால் தண்ணீர், அதனால் பழைய வழியிலேயே போனேன். கடை அப்படியேதான் இருந்தது. கை சட்டைப்பையைத் தொட்டது. அதைப் பார்த்துக்கொண்டே கடையைத் தாண்டி நடந்தேன்.