நாலாயிரம் ரூபாய் கிட்டாரும் மூன்று லட்ச ரூபாய் கிட்டாரும், பாம்பன் காற்றில்

ஏப்ரல் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடமும் லீவு விட்டிருக்கும். அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் இப்படித்தான் பேச்சு வரும் போல: "டீச்சர், பய கிட்டாரு கேக்குறான். எம்புட்டுல வாங்குனா நல்லாருக்கும்?" கையில் காசு ஓடாத மாதங்களில்தான் இந்தக் கேள்வியும் வருகிறது, அது எப்படியோ.

நான் பாம்பனில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பேன். சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கை சின்னது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் அபிப்பிராயங்களில் பாதி அந்தச் சின்னக் கையுடையது.

இப்போது வீட்டில் மூன்று கிட்டார் இருக்கிறது. ஒன்று, பக்கத்துத் தெருப் பையன் ஆன்லைனில் நாலாயிரத்துக்குள் வாங்கி, வாசிக்க முடியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து போட்டது. பெயர் வேண்டாம். இரண்டாவது என்னுடைய யமஹா எஃப்310. மூன்றாவது, கப்பலில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் வாங்கி வந்த மார்ட்டின் டி-28. இன்றைக்கு நம் ஊரில் அதன் விலை மூன்று லட்சத்தைத் தாண்டும். அவன் கப்பல் ஏறும்போதெல்லாம் அது என் வீட்டு அலமாரிக்கு வந்துவிடும். மூன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பதால் எழுதத் தோன்றியது.

முதலில் அந்தப் பையனுடைய கிட்டார். கிட்டாரின் கழுத்தில், அதாவது நெக்கில், குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டிகள்தான் ஃபிரெட். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். தடித்த கம்பி ஃபிரெட்டுக்கு மேலே 4 மில்லிமீட்டரில் நிற்கிறது. தடித்த கம்பிக்கு இரண்டரை, மெல்லிய கம்பிக்கு இரண்டு, இந்த அளவில் இருந்தால்தான் பழகுகிற கைக்குச் சரி. லைட் செட் என்று விற்கும் சாதாரண மெலிந்த ரகக் கம்பி ஆறையும் சுருதிக்கு ஏற்றி நிறுத்தினால் மொத்த இழுவிசை எழுபது கிலோவுக்கு மேல். அந்த விறைப்பில் நிற்கிற கம்பியை 4 மில்லி அமுக்கிப் பிடி என்று பத்து வயசுப் பிள்ளையிடம் சொன்னால் அது என்ன செய்யும்? விரல் நுனி கன்றிப்போய், "எனக்கு வராது டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கேரம் போர்டுக்குப் போய்விடும். பிள்ளைமேல் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது நட். தலைப்பக்கம் கம்பி உட்காரும் அந்த வெள்ளைப் பட்டையில் பள்ளம் ஆழமாக அறுபடவில்லை என்றால் முதல் ஃபிரெட்டில் கம்பி தூக்கலாக நிற்கும். எஃப் என்ற கார்டு (பல கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க முடியாமல் தவிப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். சோதிப்பது சுலபம். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழைதான் இருக்க வேண்டும். இந்தக் கிட்டாரில் ஏடிஎம் கார்டையே நுழைத்துவிடலாம்.

அடுத்து சேடில், அதாவது நட்டுக்கு எதிர்முனையில், உடம்பின்மேல் கம்பி ஏறி நிற்கும் துண்டு. அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசு மிச்சமாகிற இடம் இது. கம்பியைத் தளர்த்தி, அதன் நுனியைப் பிடித்திருக்கும் பின்னைப் பிடுங்கியதும், பிரிட்ஜ் என்ற, உடம்பின்மேல் ஒட்டிய மரக்கட்டையில் இருந்து நடுவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு கையோடு வரும். அதன் மேல்புறம் வளைவாக இருக்கும், அதைத் தொடக்கூடாது. அடிப்புறத்தைத்தான் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட், நட்டுக்கும் சேடிலுக்கும் கிட்டத்தட்ட நட்ட நடுவில் இருப்பதால் அங்கே ஒரு மில்லி இறங்க வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மில்லி போக வேண்டும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். உடைந்த ஷோகேஸ் கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் உப்புத்தாளை விரித்து, சேடிலை நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னுமாக இழுத்தேன். கை சாய்ந்தால் அடி கோணலாகிவிடும், அப்புறம் அது பிரிட்ஜில் சரியாக உட்காராது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, கம்பி ஏற்றிப் பார்த்து, மறுபடி கழற்றித் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் தேய்த்துவிட்டால் புது சேடில்தான். ஃபிரெட் முனைகள் நெக் ஓரத்தில் பிளேடு மாதிரி நீட்டிக்கொண்டு இருந்தன. அதற்குச் சின்ன அரம் போதும்.

இவ்வளவும் முடிந்ததும் அந்த நாலாயிரம் ரூபாய்க் கிட்டாரை அதே பையன் வாசித்தான். சத்தம் என்னவோ பழைய சத்தம்தான், தகர டப்பா. ஆனால் ஜி கார்டில் இருந்து சி கார்டுக்கு விரல் தடங்கலில்லாமல் போய்விட்டது. "என்ன டீச்சர், வேற கிட்டாரு மாரி இருக்கு?" என்றான். செலவு உப்புத்தாள் காசு.

ஒரு எச்சரிக்கை. மிக மலிவானதில் நெக் சாய்மானமே தப்பாக ஒட்டியிருக்கும் சில உண்டு. சேடிலைத் தேய்க்கத் தேய்க்க, பிரிட்ஜுக்கு மேலே சேடிலே மிஞ்சாது, கம்பி இன்னும் உயரத்தில்தான் நிற்கும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே போகும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியும் சிலதில் இருக்காது, இருந்தால் திருகாது. அந்த மாதிரி வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எஃப்310-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அதற்குப் பெருமை. பத்தாயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும். கம்பி நீளம் 634 மில்லி, நட் அகலம் 43 மில்லி. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம்தான், ஆனால் பிளைவுட் மாதிரி அடுக்கு அடுக்காக ஒட்டியது. பெட்டியிலிருந்து எடுத்த அன்றே வாசிக்கலாம். யமஹா 2019-இல் சென்னைப் பக்கம் தொழிற்சாலை திறந்து அங்கேயும் கிட்டார் செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

இனி பெரிய மனுஷன். மார்ட்டின் கம்பெனி 1833-இல் ஆரம்பித்தது. ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்த ஒரு தச்சு வம்சத்துக்காரர் தொடங்கி, சில வருஷத்தில் பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊருக்கு மாற்றினார். இன்றும் அங்கேதான். இதை வீட்டில் சொன்னபோது என் மாமியார், "நம்ம நாசரேத்தா? திருச்செந்தூர் போற வழியில இருக்கே?" என்று கேட்டார். இல்லை அத்தை, அமெரிக்கா என்றேன். ஆனாலும் பெயருக்காகக் கிட்டாரை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

டி-28-இன் முதுகும் பக்கவாட்டும் ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரம். 1969 வரை பிரேசில் மரத்தில் செய்தார்கள், அதன் பிறகு இந்திய மரம். நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளர்கிற சாதி அது. மேல்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், அடுக்கு ஒட்டு எதுவும் கிடையாது, முழு மரம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நடு ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மர வரிகள் விளிம்பின் கனத்திலும் அப்படியே கீழே இறங்கினால் முழு மரம். விளிம்பில் அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. கடையில் என்ன சொன்னாலும் விளிம்பு பொய் சொல்லாது.

வாசிக்க எப்படி? கருங்காலி விரல்பலகை வழுவழுவென்று இருக்கிறது, ஃபிரெட் முனை ஒன்றுகூடக் கையில் தட்டுப்படாது. ஆனால் என் கைக்கு இது எஃப்310-ஐவிடச் சிரமம், இதைத் தயங்காமல் சொல்வேன். கம்பி நீளம் 645 மில்லி, நட் அகலம் 44 மில்லிக்கும் மேலே. கம்பி நீளம் கூடினால் அதே சுருதிக்கு விறைப்பும் கூடும். விரலால் மீட்டுகிறவர்களுக்கு அந்த அகலம் வசதி. கட்டைவிரலை மேலே வளைத்துப் பிடிக்கிற என் போன்றவர்களுக்கு இல்லை. விலை ஏற ஏற வாசிக்கச் சுலபமாகும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை மடியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சத்தம் என்று வந்தால் பேச்சே வேறு. ஒரு ஜி கார்டைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தால், ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதுக்கு வந்து, ஒவ்வொன்றாக ஓயும். எஃப்310-இல் ஆறும் ஒரே கட்டாக வந்து ஒரே கட்டாகப் போய்விடும். மெதுவாக வாசிக்கும்போதுதான் வித்தியாசம் இன்னும் அதிகம். பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கும் நேரத்துப் பாட்டுக்கு விரல் நுனியால் தொட்டால் போதும், கடைசி பெஞ்சு வரை போகும். மலிவு கிட்டாரில் மெதுவாக வாசித்தால் மெதுவாகத்தான் கேட்கும்.

ஆனால் ஒலிபெருக்கிக்கு வயரைச் சொருகிவிட்டால்? எங்கள் கோயில் ஸ்பீக்கரில் கீபோர்டும் டோலக்கும் சேர்ந்து முழங்கும்போது, மூன்று லட்சம் எது பத்தாயிரம் எது என்று வாசிக்கிற எனக்கே தெரியாது. ஃபாதருக்கு எங்கே தெரியப்போகிறது.

இப்போது எங்கள் ஊர் விவகாரத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் கடல். முழு மரக் கிட்டார்களுக்குக் காற்றில் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் என் வீட்டு மீட்டர் எண்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. முழு மரம் ஈரத்தைக் குடித்தால் வரிகளுக்குக் குறுக்காக விரியும். அடியில் குச்சிகள் ஒட்டிப் பிடித்திருப்பதால் பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே புடைக்கும். பிரிட்ஜ் அதோடு சேர்ந்து எழும், கம்பியும் எழும். வாடைக்காற்று அடித்த ஒரு மாதத்தில் அப்படித்தான் நடந்தது. சித்தி மகன் கப்பல் ஏறுமுன் கொடுத்துவிட்டுப் போனபோது பன்னிரண்டாவது ஃபிரெட்டில் இரண்டரை மில்லிக்குக் கீழே இருந்த கம்பி மூன்றைத் தொட்டது. அதே வீட்டில் சுவரில் தொங்கிய எஃப்310 இருந்த இடத்திலேயே இருந்தது. ஒட்டுப்பலகையில் ஒரு அடுக்கின் வரி நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் போவதால் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்திவிடும்.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன்.

"அக்கா, அதுக்கு உசுரு இருக்குன்னு அர்த்தம்."

"உசுரு இருக்கறத நீயே கொண்டுபோயி வச்சுக்கடா."

"கப்பல்ல ஏசிக்கா, காஞ்சு வெடிச்சுரும்."

அதுவும் உண்மைதான். வறண்ட குளிரில் மரம் சுருங்கி மேல்பலகை விரிசல் விடும். ஆகவே பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்தேன். ஆரஞ்சு மணிகள் ஈரம் குடித்துப் பச்சையானதும் வாணலியில் லேசாக வறுத்து மறுபடி ஆரஞ்சாக்கிப் போட வேண்டும். மாசி வெயில் வந்த பிறகு புடைப்பு அடங்கியது. ஒரு கிட்டாருக்காக அடுப்படியில் நிற்கிற வேலை எஃப்310 எனக்கு வைத்ததே இல்லை.

உப்புக்கு ஏழை பணக்காரன் தெரியாது. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று திரும்பிவிட்டால் கம்பி, டியூனிங் சாவி, திருகாணி எல்லாம் துருப்பிடிக்கும். ஜூலையில் தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவில் திறந்தவெளியில் வாசித்துவிட்டு வந்தால், மறுநாளே மெல்லிய கம்பி இரண்டும் கைக்குச் சொரசொரக்கும். செம்பு எண்பது, துத்தநாகம் இருபது சேர்ந்த, வெண்கலம் என்று பெயர் வைத்து விற்கும் பித்தளைக் கம்பியைவிட, பாஸ்பரஸ் கலந்த வெண்கலக் கம்பி (பாஸ்பர் பிராஞ்ஸ்) கொஞ்சம் தாங்குகிறது. மேல்பூச்சு போட்ட கம்பி விலை இரண்டு மூன்று மடங்கு, ஆனால் எங்கள் ஊரில் அந்தக் காசு வசூலாகிவிடும். நாலாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கு ஆயிரத்துக்கு மேலே கொடுத்துக் கம்பியா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து வைத்தால் எந்தக் கம்பியும் கூடக் கொஞ்ச நாள் வரும்.

ஆகவே போன் செய்கிறவர்களிடம் நான் சொல்வது இது. பத்தாயிரம் முடியும் என்றால் ஒட்டுப்பலகைக் கிட்டாரையே வாங்குங்கள், எங்கள் காற்றுக்கு அதுதான் தோது. பிள்ளை சின்னதாக இருந்தால் உடம்பு சின்னதாக இருப்பதைக் கேளுங்கள். பெரிய உடம்புக்குக் கை சுற்றிப் போட்டால் தோள் தூக்கிக்கொள்ளும். நாலாயிரம்தான் இருக்கிறது என்றாலும் வாங்கலாம், வாங்கிய கையோடு என்னிடம் கொண்டுவாருங்கள். இருபதாயிரத்துக்குமேல் போட்டு முழு மரம் வாங்க ஆசைப்பட்டால், கிட்டாரோடு பெட்டியும் ஈரமானியும் வாங்குங்கள், சுவரில் மாட்டாதீர்கள், தனுஷ்கோடி வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பசை இளகிப் பிரிட்ஜ் கிளம்பிவிடும்.

முடிந்தவரை ஆன்லைனில் வேண்டாம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி இந்தப் பக்கம் வருகிறது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்க் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் வைத்துப் பார்த்து, கம்பி தூக்கலாக இருந்தால் இறக்கித் தரச் சொல்லுங்கள். "புதுசுல அப்படித்தான் இருக்கும்மா, வாசிக்க வாசிக்க எறங்கிரும்" என்று கடைக்காரர் சொல்வார். இறங்காது. அவரே தேய்த்துத் தந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.