இலாரியாவின் பென்சில் முகம்

பிப்ரவரி 8

இத்தாலியில் ஓவியம் படிக்கும் தோழி ஒரு பென்சில் படம் அனுப்பியிருக்கிறாள். லூக்கா நகரத்து சான் மார்ட்டினோ பேராலயத்தில் இருக்கும் இலாரியா தெல் கரெத்தோவின் கல்லறைச் சிற்பத்தை நேரில் பார்த்து வரைந்தது. யாகோபோ தெல்லா குவெர்சியா செதுக்கிய பளிங்கு. லூக்காவை ஆண்ட பவோலோ குயினிஜியின் மனைவி இவள், 1405-இல் பிள்ளை பெற்ற கையோடு இறந்துபோனாள், சின்ன வயசு. தோழி முழு உருவத்தையும் எடுக்கவில்லை. தலை, தலையணை, உயர்ந்த கழுத்துப்பட்டி, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

இன்று பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். மூடிய இமைக்குக் கோடே கிடையாது, கீழே லேசாகச் சாம்பல் இழைத்திருக்கிறாள், அந்தச் சாம்பல் எங்கே முடிகிறதோ அங்கே இமை தெரிகிறது. மூக்கில் வெளிச்சம் படும் பக்கத்துக் கோடு பாதியிலேயே நின்றுவிடுகிறது, மிச்சத்தை நம் கண் போட்டுக்கொள்கிறது. அழுத்தி வரைந்த இடம் ஒன்றே ஒன்று, தாடைக்கும் கழுத்துப்பட்டிக்கும் நடுவில் விழும் நிழல். அந்தக் கருப்பை விரலால் மறைத்துப் பார்த்தேன், முகம் சப்பென்று ஆகிவிட்டது. விரலை எடுத்ததும் வெறும் காகிதமாக இருந்த கன்னம் மறுபடி கல்லானது. எவ்வளவு அழகு!

பிப்ரவரி 11

தலையைச் சுற்றியிருக்கும் பூவளையத்தை ஏன் இவ்வளவு மங்கலாக விட்டாய் என்று கேட்டேன். “பூவை நுணுக்கமா போட்டா எல்லாரும் பூவைத்தான்டி பார்ப்பாங்க” என்றாள். சரிதான். முக்கால்வாசி மங்கலாக விழும் கடினமான 2எச் பென்சிலாம், அந்த நிழலுக்கு மட்டும் மென்மையான, கருப்பாக விழும் பி பென்சில். ஆனாலும் சிற்பத்தில் இலாரியாவின் காலடியில் அவளையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நாயை விட்டது எனக்குக் குறைதான்.

பிப்ரவரி 14

ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் வரைந்த இலாரியாவையும் தேடிப் பார்த்தேன். 1845-இல் சிற்பத்தைப் பார்த்து மயங்கியவர், 1874-இல் திரும்பப் போய் வரைந்திருக்கிறார். அப்புறம் 1980களின் கடைசியில் சிற்பத்தைச் சுத்தம் செய்தார்கள். பழைய மேற்பரப்பையே கெடுத்துவிட்டார்கள் என்று கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜேம்ஸ் பெக் வெளிப்படையாகச் சாடினார், அதற்காக அவதூறு வழக்கையும் சந்தித்து விடுதலையானார். அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஆனால் ரஸ்கின் கண்ணில் பட்ட கல்லும் என் தோழி கண்ணில் பட்ட கல்லும் ஒன்றாக இருக்க முடியாது, ஆகவே அன்றைக்கு அந்தக் கன்னத்தில் வெளிச்சம் எப்படி விழுந்தது என்பதற்கு அவள் படமும் ஒரு சாட்சி. தேதியைப் படத்தின் பின்பக்கம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.