புறங்கையால் தொட்டுப் பார்

நான் முதன்முதலில் ஓட்டிய வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். இடது கோலை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலது கோலை இழுத்தால் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் நிற்கும். 1994-இல் சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. கார் ஓட்டும் உரிமம்கூட அப்போது கையில் இல்லை. பதினோரு டன் எடையுள்ள எம்113 கவச வண்டியைக் கொடுத்து ஓட்டக் கற்றுக்கொள் என்றார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "டாங்கியா?" என்று பதறினார். டாங்கி இல்லை, ஆள் ஏற்றிப்போகிற வண்டி என்றேன். "அப்படியானால் பஸ்தானே" என்று நிம்மதியாகச் சமையலைப் பார்க்கப் போய்விட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேருந்துப் பணிமனையில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் இன்று யோசித்தால், அம்மா சொன்னது அவ்வளவு தவறில்லை.

எம்113 அமெரிக்க வண்டி. எஃப்எம்சி என்ற நிறுவனம் உருவாக்கியது. 1960-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தது. எல்லா வகைகளையும் சேர்த்தால் எண்பதாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். உடல் முழுவதும் அலுமினியம். விமானத்தில் ஏற்றவும் தண்ணீரில் மிதக்கவும் எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக. பார்ப்பதற்கு முன்பக்கம் சரிவாக வெட்டிய இரும்புப் பெட்டி. முன்னால் இடப்பக்கம் ஓட்டுநர், அவருக்கு வலப்பக்கத்தில் எஞ்சின், பின்னால் எதிரெதிர் பெஞ்சுகளில் பதினொரு பேர். பின்கதவு முழுவதுமாகக் கீழே சாய்ந்து சாய்தளமாகிவிடும். சிப்பாய்கள் அதில் இறங்கி ஓடுவார்கள். துப்பாக்கிக் குண்டையும் வெடிகுண்டுச் சிதறலையும் தாங்கும். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. 1963 ஜனவரியில் வியட்நாமின் அப் பாக் கிராமத்தில் நடந்த சண்டையில் இந்த வண்டிகளின் மேல் நின்று இயந்திரத் துப்பாக்கி சுட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்த பிறகுதான், சுடுபவரைச் சுற்றிக் கேடயத் தகடு வைக்க வேண்டும் என்பது உறைத்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது எங்களில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம்.

எனக்கு இந்த வண்டியைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வாரண்ட் அதிகாரி. சிங்கப்பூர் ராணுவத்தில் வாரண்ட் அதிகாரிகளை மலாய் மொழியில் 'என்சிக்' என்றுதான் அழைக்க வேண்டும். எங்கள் என்சிக் தமிழர், ஓய்வுக்குச் சில ஆண்டுகளே மீதி இருந்தவர். என்சிக்குக்கும் எஞ்சினுக்கும் பெயரில் கொஞ்சம்தான் வித்தியாசம். சத்தத்தில் அதுவும் இல்லை. மற்றவர்கள் முன்னால் என்னை "டிரைவர்" என்பார். யாரும் இல்லாதபோது "தம்பி". தம்பி என்று ஆரம்பித்தால் வரப்போவது பெரிய திட்டு என்று பொருள்.

ஓட்டக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. கியர் தானியங்கி. நல்ல சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். வலப்பக்கம் எஞ்சின் மூடி மறைப்பதால் அந்தப் பக்கம் பக்கத்தில் நிற்கிற ஆள் கண்ணில் படமாட்டார். அதனால் முகாமுக்குள் வண்டியை ஓரடி நகர்த்துவதானாலும் முன்னால் ஒருவர் நின்று கையால் சைகை காட்ட வேண்டும். அவர் கையை மூடினால் நாம் மூச்சையும் நிறுத்த வேண்டும்.

ஓட்டிய நேரம் ஒரு பங்கு என்றால், துடைத்த நேரம் நான்கு பங்கு. புறப்படும் முன் ஃபர்ஸ்ட் பரேட், வழியில் நிற்கும்போது ஹால்ட் பரேட், திரும்பி வந்ததும் லாஸ்ட் பரேட். பெயர்தான் பரேட்; ஒருவரும் நடக்க மாட்டார்கள், எல்லோரும் வண்டிக்கடியில் படுத்திருப்போம். எஞ்சின் எண்ணெய், கியர்பெட்டி எண்ணெய், குளிர்விக்கும் நீர், மின்கலம், விசிறிப் பட்டை, தீயணைப்பான், உடலின் அடியில் இருக்கும் வடிகால் மூடிகள் என்று படிவத்தில் நீளமான பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம். எஞ்சின் டூ-ஸ்ட்ரோக் டீசல். முழு வேகத்தில் அலறும். தரையில் அதன் கீழ் ஒரு சொட்டு எண்ணெயாவது கிடக்கும். கிடக்காத நாளில்தான் என்சிக் கவலைப்படுவார்: "உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பார்."

ஹால்ட் பரேடில்தான் அந்த வேலை வரும். வண்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து சக்கரங்கள். வண்டி நின்றவுடன் இறங்கிப் பத்துச் சக்கரங்களின் நடுவில் இருக்கும் குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே பேரிங் கெடத் தொடங்கினால் அந்தக் குடம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். நான் முதல் நாள் உள்ளங்கையை வைத்தேன். என்சிக் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

"உள்ளங்கை வெந்துவிட்டால் நாளைக்குக் கோலைப் பிடிப்பது யார்? உன் அப்பாவா?"

எத்தனை சூடு என்றால் ஆபத்து என்று கேட்டேன். எண் எதையும் அவர் சொல்லவில்லை. "பத்தையும் தொடு. ஒன்று தனியாகத் தெரியும்" என்றார். எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்து, தொடும்போதே கை தானாக அந்த ஒன்றைத் தேடத் தொடங்கியிருந்தது.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

சங்கிலிப்பட்டையை நாங்கள் ட்ராக் என்போம். ஒரு பக்கத்து ட்ராக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட எஃகுத் துண்டுகள், அவற்றுக்கு ஷூ என்று பெயர். ஒவ்வொன்றும் அடுத்ததோடு 'பின்' என்ற எஃகு ஆணியால் கோக்கப்பட்டிருக்கும். தார்ச் சாலை பிய்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு ஷூவிலும் ரப்பர் திண்டு. முன்னால் இருக்கும் பல்சக்கரம் ட்ராக்கை இழுக்கும். கடைசியில் இருக்கும் ஐட்லர் என்ற வெற்றுச்சக்கரம் அதை விறைப்பாகப் பிடித்திருக்கும். ஐட்லரைத் தள்ளிப் பிடிப்பது ஒரு கிரீஸ் சிலிண்டர். கிரீஸ் துப்பாக்கியால் அடித்தால் ஐட்லர் பின்பக்கம் நகர்ந்து ட்ராக் இறுகும். வால்வைத் திறந்தால் கிரீஸ் வெளியேறித் தளரும். சமதளத்தில் நிறுத்தி, நடுச்சக்கரத்தின் உச்சிக்கும் ட்ராக்குக்கும் இடையில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று பார்த்தால் விறைப்பு தெரிந்துவிடும். அதிகம் இறுகினால் பின்னும் பேரிங்கும் தேயும். தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

முந்தைய நாள் லாஸ்ட் பரேடில் வலப்பக்கச் சிலிண்டரின் ஓரத்தில் கிரீஸ் கசிந்திருந்ததைக் கவனித்தேன். மாலை ஏழு மணி. சாப்பாட்டுக்கூடம் மூடப்போகிறது. துணியால் துடைத்துவிட்டு, படிவத்தில் வரிசையாகச் 'சரி' போட்டுக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் லிம் சூ காங் பக்கம் பயிற்சி. மதியம் மழை. அந்தப் பகுதியின் களிமண் நனைந்தால் பிட்டுக்குப் பிசைந்த மாவு போல உதிராது. அல்வா போல ஒட்டும். பக்கவாட்டுச் சரிவில் பின்னால் வந்துகொண்டே வேகமாகத் திருப்பினேன். ஒரே ஒரு 'டக்'. அதன் பிறகு வலது கோலில் உயிர் இல்லை. எட்டிப் பார்த்தால் ட்ராக் பல்சக்கரத்தை விட்டு விலகிச் சேற்றில் செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது. பின்னால் இருந்த பதினொரு பேரும் இறங்கி மழையில் நடந்தார்கள். அவர்களில் சிலர் போகும்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

என்சிக் வந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து சிலிண்டரைப் பார்த்தார்.

"தம்பி, நேற்றுப் போட்ட கையெழுத்து அழகாக இருந்தது."

அவ்வளவுதான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்.

ஒரு பக்கத்து ட்ராக் ஏறக்குறைய அரை டன். அதை நான்கு பேர் கையால் திரும்ப ஏற்ற வேண்டும். முதலில் வால்வைத் திறந்து மிச்ச கிரீஸையும் வெளியேற்றினோம். அழுத்தத்தில் பீய்ச்சும், அதனால் முகத்தை அதற்கு நேரே வைக்கக் கூடாது. பிறகு ஒரு பின்னின் நட்டைக் கழற்றி, கம்பியை வைத்துச் சம்மட்டியால் அடித்து, பின்னை வெளியே தள்ளி ட்ராக்கைப் பிரித்தோம். நான்கு அடிக்கு ஓர் அடி குறி தவறும். பல் இடுக்கில் திணிந்திருந்த களிமண்ணைக் கடப்பாரையால் நோண்டினோம். ட்ராக்கை நேராகத் தரையில் விரித்து, இன்னொரு வண்டியால் மெல்ல இழுக்கச் சொல்லிச் சக்கரங்களை அதன் மேல் ஏற்றினோம். அடுத்து ஒரு முனையை மேலே கொண்டுபோக வேண்டும். அதற்குக் கயிறு. முனையில் கட்டிய கயிற்றைப் பல்சக்கரத்தின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எஞ்சினை மெதுவாகக் கொடுத்தால், கிணற்று ராட்டினம் போலப் பல்சக்கரமே ட்ராக்கை மேலே இழுத்துக்கொள்ளும். கயிற்றின் நுனியைப் பிடித்திருப்பவர் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. என்சிக் இதை மூன்று தடவை சொன்னார். பிறகு நம்பிக்கை இல்லாமல் அவரே பிடித்துக்கொண்டார்.

இரண்டு முனைகளும் எதிரெதிரே வந்ததும் இருபக்கமும் கொக்கிக் கருவி மாட்டி இறுக்கி, துளைக்குத் துளை நேராக்கிப் பின்னைச் செருக வேண்டும். அந்த ஒரு பின்னுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒரு மயிரிழை விலகல் போதும், உள்ளே போகாது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒருவன், சம்மட்டியோடு ஒருவன், "கொஞ்சம் மேலே, இல்லை கீழே" என்று ஒருவன். உள்ளே போனபோது மணி பத்தரை. கசிந்த சிலிண்டருக்குப் பழுது பார்ப்பவர்கள் மறுநாள்தான் வருவார்கள். அதுவரை தாக்குப்பிடிக்கட்டும் என்று கிரீஸ் அடித்தோம். முகாமுக்குத் திரும்பி, தண்ணீர்க் குழாயால் களிமண்ணைப் பீய்ச்சிக் கழுவி முடித்தேன். என்சிக் படிவத்தை நீட்டினார். கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினேன். அவர் கையில் டீயோடு, அவசரமே இல்லாதவர் போல நின்றுகொண்டிருந்தார்.

தண்டனை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனோம். குவீன்ஸ்லாந்தின் ஷோல்வாட்டர் பே பயிற்சிக் களத்தில் 1990 முதல் 'வாலபி' என்ற பெயரில் சிங்கப்பூர்ப் படை பயிற்சி செய்கிறது. சிங்கப்பூரில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவதற்குள் கடல் வந்துவிடும். அங்கே ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் காடு முடியவில்லை. சேற்றுக்குப் பழகிய எங்களுக்கு அங்கே எதிரி தூசு. முன்னால் போகும் வண்டி கிளப்புவதையெல்லாம் பின்னால் வருகிறவன் விழுங்க வேண்டும், அவனுடைய எஞ்சினும் விழுங்கும். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனது. இரவில் குளிர். எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் வரை அதன் மூடித் தகடு கதகதப்பாக இருக்கும். அதில் முதுகைச் சாய்த்துக்கொள்ள யாருக்கு முறை என்று சண்டை போட்டோம். ஓட்டுநர் என்ற தகுதிக்குக் கிடைத்த ஒரே சலுகை, அந்தச் சண்டையில் எனக்கு முதலிடம்.

சிங்கப்பூர் இந்த வண்டிகளை மேம்படுத்தி 'அல்ட்ரா' என்ற பெயரில் நெடுங்காலம் வைத்திருந்தது. அவற்றின் இடத்துக்கு 2019-இல் ஹண்டர் என்ற புதிய கவச வண்டி வந்தது. உள்ளே எல்லாம் திரைகள், கணினி. படத்தில் பார்த்தேன். அதற்கும் சக்கரங்களும் ட்ராக்கும்தான். அங்கேயும் யாரோ ஒரு பையன் சேற்றில் படுத்துத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தபோது, ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

இரண்டரை ஆண்டு முடித்து வெளியே வந்து, இரண்டு மூன்று வேலைகள் மாறி, பேருந்துப் பணிமனைக்கு வந்துசேர்ந்தேன். அம்மாவின் வாக்கு பலித்தது. பேருந்துக்குப் பத்துச் சக்கரக் குடங்கள் இல்லை. ஆனாலும் ஒரு வண்டி உள்ளே வந்து நின்றால் கை தானாகப் போய்விடுகிறது. பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்தாலும், பேரிங் கெட்டாலும் முதலில் தெரிவது அங்கேதான். புறங்கையில் இருக்கும் நான்கைந்து சிறு தழும்புகளுக்கு வீட்டில் என்னால் சரியான காரணம் சொல்ல முடிந்ததில்லை.

போன மாதம் புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பையன் ஒருவன் என்னோடு இரவுப் பணியில் இருந்தான். தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் வெப்பமானியைத் துப்பாக்கி போலப் பிடித்து ஒவ்வொரு சக்கரமாகக் குறிவைத்து, எண்களைக் குறித்துக்கொண்டே வந்தான். நான் மறுபக்கத்திலிருந்து தொட்டுக்கொண்டு வந்தேன். பின்னால் இடப்பக்கச் சக்கரத்தில் இருவரும் சந்தித்தோம்.

"இதுதான் அண்ணே. மற்றதைவிட ரொம்ப அதிகம்."

"ஆமாம்" என்றேன், கையை உதறிக்கொண்டு.

"இரண்டும் ஒன்றைத்தான் சொல்கிறது. பிறகு எதற்கு அண்ணே கையைச் சுட்டுக்கொள்கிறீர்கள்?"

"உன்னுடையதற்கு எத்தனை பேட்டரி?"

"இரண்டு."

"சரி, ஜாக்கை எடுத்துக்கொண்டு வா" என்றேன்.