மிளகோட மலையில டென்ட் போட்டு தங்குறது: இதுவரைக்கும் பழக்கினது

மிளகு எங்க வீட்டு நாட்டுப் பூனை, மூணு வயசாகுது. ஜவ்வாது மலையில டென்ட் போடும்போது அவளையும் கூட்டிட்டுப் போகணும்னு ரொம்ப நாளா பழக்கிட்டு வர்றேன், இப்ப ஓரளவுக்கு தைரியம் வந்துருச்சு அதான் எழுதுறேன். எல்லாரும் முதல்ல எந்த ஹார்னஸ் (பூனை உடம்புல மாட்டுற வார்) நல்லதுன்னுதான் கேக்குறாங்க. என்னைக் கேட்டா அதுக்கும் முன்னாடி கேரியர் பை. பூனை பயந்துச்சுன்னா ஒளிய இடம் தேடும், அந்த நேரத்துல அதுக்குப் பழகின இடம்னு பை ஒண்ணு பக்கத்துல இருந்தா அதுக்குள்ள ஓடும், இல்லன்னா புதருக்குள்ள ஓடும், காட்டுப் பக்கம் புதருக்குள்ள போன பூனைய எங்கன்னு தேடுறது.

அதனால பைய ஹால்லயே திறந்து போட்டுட்டேன், உள்ள என் பழைய சட்டை, சாப்பாடும் அதுக்குள்ளதான். தீவன டப்பாவ குலுக்குற சத்தம் கேட்டா பைக்கு வரணும்னு தினமும் பழக்கம். தீபாவளிக்கு தெருவுல வெடி வெடிச்சப்ப கட்டிலுக்கு அடியில போகாம நேரா பைக்குள்ள போய் படுத்தா பாருங்க, அன்னிக்குதான் இனி வெளிய கூட்டிட்டுப் போகலாம்னு முடிவு பண்ணேன்.

ஹார்னஸ்ல நான் வெஸ்ட் மாதிரி நெஞ்சை மூடுறத வச்சிருக்கேன். பூனையோட காரை எலும்பு மத்த எலும்போட சேராம தசைக்குள்ள தனியா இருக்கும், அதனாலதான் தலை நுழையுற சந்துல தோளையும் சுருக்கிட்டு உடம்பையே நுழைச்சிடுது, ஹார்னஸ்லேர்ந்து பின்னாடியே நழுவுறதும் அப்படித்தான். ரெண்டு விரல் நுழையுற அளவுக்கு இறுக்கிட்டு, முன்னாடி நின்னு மெதுவா இழுத்து கழலுதான்னு வீட்டுக்குள்ளயே பார்த்துக்கணும். ஹார்னஸோட சேர்ந்த கயிறு, அதாவது லீஷ, மரத்துல கட்டிட்டு நகரவே கூடாது, மரம் ஏறி கிளைக்கு அந்தப் பக்கம் குதிச்சா தொங்கிடும். நான் இடுப்பு பெல்ட்டுல மாட்டிக்கிறேன். இதுல குருவி, ஓணானும் தப்பிக்குது, அதுவும் எனக்கு முக்கியம்.

அப்புறம் மொட்டை மாடியில டென்ட் போட்டு ராத்திரி தங்கிப் பார்த்தோம். ஜிப்ப மூக்கால தள்ளியே திறந்துடுறா! ரெண்டு ஜிப்பையும் சேர்த்து சின்ன கொக்கி போட்டதும் அது நின்னுடுச்சு.

மலையில ஜமுனாமரத்தூர் பக்கம் நண்பரோட மாமா பட்டா நிலத்துலதான் தங்கினோம். காப்புக் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறதே குத்தம், அங்க பூனைய கொண்டு போறது அங்க இருக்குற மிருகத்துக்கும் நல்லதில்ல. வால்பாறை மாதிரி சிறுத்தை நடமாட்டம் நல்லா தெரிஞ்ச எஸ்டேட்டுக்கெல்லாம் இவள கூட்டிட்டுப் போறதே இல்லன்னு வச்சிருக்கேன். கொண்டை ஊசி வளைவுல வாந்தி வராம இருக்க கிளம்புறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே சாப்பாட நிறுத்திட்டேன், தண்ணி மட்டும். டீ குடிக்க இறங்கினா ஒருத்தர் கார்லயே இருக்கணும், வெயில்ல மூடின காருக்குள்ள பத்து நிமிஷத்துலயே 10 டிகிரி வரைக்கும் ஏறிடும். பூனை வாயத் திறந்து மூச்சு வாங்கினா நாய் மாதிரி சாதாரணம்னு நினைக்காதீங்க, உடனே நிழலுக்குக் கொண்டு போய் காதையும் பாதத்தையும் ஈரத் துணியால துடைங்க, டாக்டருக்கு போன் போடுங்க.

பொழுது சாயுறதுக்குள்ள அவ டென்ட்டுக்குள்ள, இதுல சமரசமே கிடையாது. சாயங்காலத்துலேர்ந்துதான் கண்ணாடிவிரியன், கட்டுவிரியன் எல்லாம் வெளிய வரும், எது அசைஞ்சாலும் கைய வச்சுப் பார்க்குறது பூனையோட குணம். விஷமுறிவு மருந்து எந்த கால்நடை டாக்டர்கிட்ட இருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டு வச்சுக்கிட்டேன். வெறிநாய்க்கடி தடுப்பூசியும் டிரைகேட்டும் (பூனைக்கு வர்ற மூணு வைரஸ் நோய்க்குப் போடுற தடுப்பூசி) தேதி தாண்டாம இருக்கணும். மலத்த கவர்ல கட்டி கீழயே கொண்டு வந்துடுறோம், அதுல டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம், அங்க புதைக்கிறது சரியில்ல.

உண்ணிக்கு மருந்து போடுறதுல கவனம். நாய்க்குப் போடுற சில சொட்டு மருந்துல பெர்மெத்ரின்னு ஒரு பூச்சிக்கொல்லி இருக்கும், அத உடைச்சு வெளியேத்துற சக்தி பூனை ஈரலுக்கு இல்ல, வலிப்பு வந்து செத்தே போகும். நாய் வச்சிருக்குற அண்ணன் யாராவது பாசமா "இதையே போடுங்க தம்பி"ன்னு நீட்டினாலும் வாங்காதீங்க. பாராசிட்டமால் ஒரு மாத்திரை கூட பூனையக் கொன்னுடும், நம்ம மருந்துப் பைய எட்டாத இடத்துல வைங்க. மழைக்காலத்துல வேலியோரம் செங்காந்தள் பூத்திருக்கும், கிழங்குலேர்ந்து பூ வரைக்கும் விஷம், அந்தப் பக்கம் விடுறதே இல்ல.

ஜிபிஎஸ் ட்ராக்கர் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு, அதுல நிறைய மாடல் மொபைல் டவர் இருந்தாதான் இடத்த அனுப்பும், மலையில பாதி இடத்துல சிக்னலே இல்ல. உடம்புல போடுற மைக்ரோசிப்பும் இடம் காட்டாது, யாராவது புடிச்சு ஸ்கேன் பண்ணாதான் நம்பர் தெரியும். காணாம போன ஆயிரத்துக்கும் மேல பூனைகள வச்சு 2018ல வந்த ஒரு ஆய்வுல, கிடைச்சதுல முக்கால்வாசி தப்பிச்ச இடத்துலேர்ந்து 500 மீட்டருக்குள்ளதான் இருந்துருக்கு. அதனால அப்படி ஆச்சுன்னா கத்திக்கிட்டு தூரமா ஓடாம, பைய அதே இடத்துல திறந்து வச்சுட்டு, ராத்திரி டார்ச் அடிச்சு கண்ணு மின்னுதான்னு பக்கத்துப் புதரையே திரும்பத் திரும்பப் பார்க்குறதுதான் எங்க திட்டம்.

டவர் தேவைப்படாத ரேடியோ டேக் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். வந்ததும் அத முதல்ல என் பையில மாட்டி நண்பர்கிட்ட குடுத்து தோப்புக்குள்ள ஒளிய வச்சு, எவ்வளவு தூரத்துல சத்தம் குடுக்குதுன்னு பார்த்துட்டு எழுதுறேன்.